திரையைச் சோதிக்க வேண்டியவர் யார்?

ஓர் இலக்கவியல் கற்றல் தளம் பயன்படுத்த எளிதானதா என்பதை யாரிடம் கேட்டறிவது? உருவாக்கியவருக்கு அதன் மூலைமுடுக்கெல்லாம் தெரியும். அவருக்கு எல்லாம் எளிதுதான். மாணவரே அதனை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டு அனுபவமே இதற்குச் சான்று. 2011-இல் தொடங்கிய ‘ஒன் பெஸ்தாரிநெட்’ திட்டத்தின்கீழ், ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியோடு ‘ஃபுரோக்’ எனும் கற்றல் தளமும் திட்டமிடப்பட்டது. அதன் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019-இல் திட்டம் முடிவுற்றது. மறு ஆண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு ‘டெலிமா’ தளத்தை அறிமுகப்படுத்தியது. மலாய்மொழியில் டெலிமா என்றால் மாதுளை. உள்ளே முத்துகள் ஏராளம், உரிப்பதில்தான் பாடு!

மாக் மண்டினில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் பணிபுரியும் அம்மா இரவு வீடு திரும்பிய பிறகே அவளுக்குத் திறன்பேசி கிடைக்கிறது. டெலிமாவில் நுழைய ‘எம்’ எனும் எழுத்து, ஓர் இணைப்புக்கோடு, சில எண்கள், பிறகு நீண்ட மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றைத் தட்ட வேண்டும். எழுத்து, எண், குறியீடு என விசைப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். தமிழில் விடை எழுத மறுபடியும் ஒரு மாற்றம். கணினிக்கூடத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டே அன்று. உள்ளங்கைத் திரையில் அப்படியா?

இவள் விதிவிலக்கல்லள். 2020-இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர் மிகச் சிலரே.

‘பழகினால் சரியாகிவிடும்’ என்பர் சிலர். ஆர்வமுள்ளவர் பழகிக்கொள்வார்தான். பாடத்திலேயே தடுமாறும் மாணவரோ மூன்றாம் முறை கடவுச்சொல் தவறியதும் திறன்பேசியை மூடிவைத்துவிடுவார். பழியும் ‘சோம்பேறி’ என்று அவர்மீதே விழும்.

சோதனைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அவர்களிடம் ஒரு வேலையைத் தர வேண்டும்: இன்றைய பயிற்சியைத் திறந்து, தமிழில் இரண்டு வரி எழுதி அனுப்புக. எங்கே விரல் தயங்குகிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று அருகிலிருந்து குறித்துக்கொள்ளலாம். இடையில் உதவக்கூடாது, வீட்டில் உதவ யாரும் இருக்கமாட்டார்கள். ஐவருள் ஒருவராவது அம்மாவின் பழைய திறன்பேசியோடு வரட்டும்.