மாநில நிதியே வேண்டாம் என்ற ஸ்டான்ஃபோர்ட்: என்ன காரணம்?

அப்பா அங்கே படித்திருந்தால் மகளுக்கு சீட் கிடைக்கும் வாய்ப்பு கூடும். முன்னாள் மாணவர், நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான இந்த முன்னுரிமைக்கு, 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியா தடைச் சட்டம் போட்டது. 2025 செப்டம்பர் முதல் அமல்.

ஸ்டான்ஃபோர்ட் என்ன செய்தது தெரியுமா? மாநில உதவித்தொகையான ‘கால் கிராண்ட்’ திட்டத்திலிருந்தே விலகிடுச்சு. அதை வாங்கினால்தானே சட்டம் பொருந்தும்! வசதியில்லாத மாணவர்களுக்கு அந்தத் தொகையைச் சொந்த நிதியிலிருந்து தருவதாகச் சொல்கிறது. 2026 சேர்க்கையிலும் முன்னுரிமை தொடரும்.

இதை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்டும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1862-63இல் கலிஃபோர்னியா ஆளுநர். அதே சமயம் சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் தலைவரும் அவரே. பதவியேற்பு உரையில் சீனர்கள் குடியேறுவதை எதிர்த்தார். பிறகு அவருடைய தண்டவாளத்தைப் போட்டது ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள்.

1884இல் ஒரே மகன் 15 வயதில் டைஃபாய்டில் இறந்தான். மனைவி ஜேனுடன் சேர்ந்து, மகன் பெயரில் 1885இல் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1891இல் வகுப்புகள் தொடங்கியபோது கல்விக் கட்டணமே இல்லை. 1920 வரை அப்படித்தான். இப்போ இளநிலைக்கு வருஷத்துக்கு 65,000 டாலருக்கு மேல்.

உதவித்தொகை கைமாறுவதால் மாணவருக்கு நஷ்டமில்லை, சரி. ஆனால் மாநிலம் கேட்டது பணத்தைப் பற்றி இல்லையே, சீட்டைப் பற்றி. இத்தனைக்கும் எம்ஐடி இந்தச் சலுகை இல்லாமல்தான் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது.