ஏரிக்கு அப்பால் கயிலை

ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னர், 2025-ஆம் ஆண்டில் மத்திய அரசின் கயிலை மானசரோவர யாத்திரை மீண்டும் தொடங்கியது. எழுபது வயதைக் கடந்தோருக்கு அதில் இடமில்லை. மகனோ மருமகளோ சென்றுவர, வீட்டுப் பெரியவர்கள் அவர்கள் கொண்டுவரும் படத்திற்காகக் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு அந்தப் படமே தரிசனம். ஆனால் வந்து சேர்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: கீழே நீலத் தண்ணீர், மேலே நீல வானம், நடுவில் அரிசிமணி அளவில் ஒரு வெண்புள்ளி.

எடுத்தவரைக் குறைகூறிப் பயனில்லை. மானசரோவரத்தின் தென்கரையிலிருந்து கயிலைச் சிகரம் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏரியின் மட்டம் கடலுக்கு மேல் ஏறத்தாழ 4,590 மீட்டர். சிகரத்தின் உயரம் 6,638 மீட்டர். ஆக, ஏரிக்கு மேல் எழுந்து நிற்பது சற்றேறக்குறைய 2,000 மீட்டர்தான். அத்தனை தூரத்தில் அது, நீட்டிய கையின் ஒரு விரல் அகலத்தைவிடச் சற்றே அதிகம். பக்தருடைய மனம் அந்த ஒன்றிலேயே குவிந்துவிடுவதால் மலை பெரிதாகத் தெரிகிறது. கைப்பேசிக்கு ஏது பக்தி? அது கரைக் கூழாங்கல்லையும் கயிலையையும் சமமாகவே பாவிக்கிறது.

தொலைவில் உள்ளதை அருகே காட்டும் லென்ஸ் இருப்பின் நலம். இல்லையெனில் வடமேற்குக் கரையில், சியூ மடாலயக் குன்றின் பக்கமிருந்து எடுக்கலாம். அங்கே தொலைவு வெகுவாகக் குறைகிறது. விடியற்காலை உகந்தது. பொழுது ஏறினால் காற்றெழுந்து நீர் கலங்கும், சிகரத்தை மேகம் மூடும். கைப்பேசித் திரையில் சிகரத்தின்மீது விரலை வைத்துத் தொட்டபின் எடுக்க வேண்டும். இல்லாவிடில் கருவி நீரையும் நிலத்தையும் கணக்கிட்டு ஒளியைக் கூட்ட, பனி வெளுத்துப்போய் அதன் கோடுகள் யாவும் அழிந்துவிடும். குளிரில் பேட்டரி விரைவில் இறங்குமாதலால், கைப்பேசியை உள்ளாடைப் பையில், உடற்சூட்டில் வைத்திருப்பது வழக்கம்.

கோடுகள் முக்கியம். ஏரிக்கரையிலிருந்து தெரிவது கயிலையின் தென்முகம். உச்சியிலிருந்து நேர்கீழாக ஒரு பிளவு இறங்குகிறது. குறுக்கே பாறையடுக்குகள் படிக்கட்டுப் போலத் தோன்றுகின்றன. தென்முகத்தின் அடையாளம் இதுவே. கடைகளில் விற்கும் வண்ணப்படங்கள் சிலவற்றிலோ, செங்குத்தான வடமுகம் ஏரிநீரிலிருந்தே எழுவதுபோல் ஒட்டப்பட்டிருக்கும். வடமுகம் பரிக்கிரமாவின் முதல்நாள் தங்குமிடமான திராபுக்கில் தெரிவது. அங்கிருந்து மானசரோவரம் தெரியாது. பூஜையறையில் வைத்து வணங்கும் படம் அழகாக இருந்தால் போதும் என்போர் உண்டு. எழுபத்தைந்து வயதில், இனிப் போக முடியாது என்று தெரிந்து பார்க்கும் ஒருவருக்கு, ஒட்டிய படத்தைவிட அந்த அரிசிமணி மேலானது.

உடல் தளர்ந்தபின் கயிலை எட்டாமற்போனது அப்பர் பெருமானுக்கும் நேர்ந்தது. நடந்தும் தவழ்ந்தும் புரண்டும் சென்ற அவரை, இறைவன் ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அங்கேயே அவருக்குக் கயிலைக் காட்சி கிட்டியது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அவ்விழா நடைபெறுகிறது. நடக்கக்கூடிய பெரியவர்களுக்குத் தஞ்சையிலிருந்து அது அதிகத் தொலைவில்லை.

யாத்திரை முடித்து வருபவர், கைப்பேசியைப் பெரியவர் முகத்தருகே நீட்டி விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவதில் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரேயொரு படத்தைத் தேர்ந்து, சிகரம் நடுவில் வரும்படி வெட்டி, எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட்டுத் தரலாம். பின்புறத்தில் எந்தக் கரை, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிவிட்டால், பேரப்பிள்ளைகள் கேட்கும்போது பெரியவரே சொல்லிக்கொள்வார்.