‘மனித இயல்பு’ என்னும் பொய்ச்சாட்சி

கனடாவில் பிறந்து வளர்ந்த என் தமக்கையின் மகன் சென்ற விடுமுறையில் வந்து என்னோடு பத்து நாள் தங்கியிருந்தான். வயதேறிய மாமனுக்கு உலகம் காட்டும் கடமையைத் தானே ஏற்றுக்கொண்டு, மூன்று இரவுகள் என்னைத் தொலைக்காட்சியின் முன் இருத்திவைத்தான். ‘த வோக்கிங் டெட்’ என்னும் அமெரிக்கத் தொடர். 2010இல் தொடங்கி 2022 வரை 11 பருவங்கள் ஓடியது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். நான் பார்க்காதது அவனுக்குப் பெருங்குறையாகப் பட்டது.

கதை எளியது. இறந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். கடிபட்டவர் செத்து அவரும் எழுகிறார். (‘நடைப்பிணம்’ என்ற பொருத்தமான சொல் நம்மிடமே இருக்கையில் ‘ஸோம்பி’ எதற்கு என்று கேட்டேன். பையன் சிரித்தான்.) அரசு, வைத்தியசாலை, மின்சாரம் யாவும் ஒழிந்துபோக, தப்பிய சிலர் ஊரூராய் அலைகிறார்கள். முதல் இரவு அந்த நடைப்பிணங்கள் சற்று அச்சமூட்டின. மறுநாளே அவை மழை, வெயில் போலாகிவிட்டன. எங்கே நிற்கும், எப்படி விலகலாம் என்பது தெரிந்துவிடுகிறது. அதன் பின்னர் கதையை நடத்துபவர்கள் தப்பிப் பிழைத்தவர்களே. ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தின் உணவைப் பறிக்கிறது, வேலி போடுகிறது, கொல்கிறது.

“இதுதான் மாமா உண்மை. செத்ததுகளுக்குப் பயப்பிடத் தேவையில்லை. தப்பி இருக்கிற ஆக்களுக்குத்தான் பயப்பிட வேணும். எங்கட ஊரிலயும் அதுதானே நடந்தது? சுனாமி வந்தது, தப்பினவங்கள் தங்களுக்குள்ள அடிபட்டுச் செத்தாங்கள்,” என்றான்.

அன்றிரவு நான் மறுமொழி சொல்லவில்லை. அவன் சொன்னதை அவன் மட்டுமா சொல்கிறான்? கொழும்பின் குளிரூட்டிய மண்டபங்களில் நல்லிணக்கம் பேசும் கனவான்களும், ‘எல்லாரும் சேர்ந்துதானே செய்தோம்’ என்று பெருமூச்சு விடும் நம்மவர்களும் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். ஆகவே எனது மறுமொழி அவனுக்கு மட்டும் உரியதன்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். அன்று இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவும் மூதூரும் பேரழிவைக் கண்டன. கிண்ணியா வைத்தியசாலை அலையில் அழிந்தது. அலை அடித்த நான்காம் நாள், ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தியாளனாக நான் அங்கே போனேன். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. பாதையில் ஏறித்தான் நீரைக் கடக்க வேண்டும். கொட்டியாரக் குடாவின் தண்ணீர் ஒன்றும் அறியாததுபோல் அசையாமல் கிடந்தது.

அங்கே கண்டவற்றை இப்போது சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் சமைத்த கஞ்சியை, நெற்றியில் திருநீறு அழியாத ஒரு கிழவி வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அகப்பையால் ஊற்றிக்கொண்டிருந்தாள். தன் இரு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், யாருடையது என்று தெரியாத ஒரு குழந்தையை மூன்று நாளாக மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தார். அன்று தண்ணீரில் இறங்கியவர்களுள் மூன்று இனத்தவரும் இருந்தனர், சீருடை அணிந்தோரும் இருந்தனர். ஒரு முதிய மீனவரிடம் எத்தனை பேரை இழுத்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று பத்திரிகைக்காரனின் அடுத்த கேள்வியையும் கேட்டேன். “ஆரெண்டு பாத்தா கையைப் புடிச்ச தம்பி?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அதே வாரத்தில், களத்துக்குப் போகுமுன், தொலைபேசியில் வந்த ஒரு தகவலை நம்பி, ‘அகதி முகாம் அருகே கடைகள் கொள்ளை’ என்று நான் ஒரு செய்தி கொடுத்தேன். முதற்பக்கத்தில் வந்தது. நேரில் போனபோதுதான் விளங்கிற்று: அரிசிக் களஞ்சியத்தின் உரிமையாளரே கதவைத் திறந்துவிட்டு, நனைந்து புழுத்துப்போகுமுன் எடுத்துப்போய்ச் சமையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். திருத்தம் எழுதிக் கொடுத்தேன். உள்பக்கத்தின் மூலையில் நான்கு வரியாக வந்தது. பேரழிவுக்குப் பின் மனிதன் விலங்காவான் என்ற எதிர்பார்ப்பு என் மண்டைக்குள் முன்னமே இருந்தது. செய்தி அதற்குள் போய்ப் பொருந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்டில், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா சூறாவளி மூழ்கடித்தபோது இதையே உலகம் பெரிய அளவில் கண்டது. அடைக்கலம் புகுந்தோர் நிறைந்த விளையாட்டரங்கில் கொலையும் வன்புணர்வும் தலைவிரித்தாடுவதாகப் பெரும் பத்திரிகைகளே எழுதின. பின்னர் ஆராய்ந்தபோது அவற்றிற் பெரும்பாலானவை வதந்தி என்று தெரிந்தது. ஆனால் செப்டெம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் நடந்தது வதந்தி அன்று. ஆயுதமற்ற ஆறு பேரைப் பொலிசார் சுட்டனர், இருவர் இறந்தனர், சுட்டவர்கள் பொய்ச்சான்றும் சோடித்தனர். தப்பியவர்களை அஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனவர்களே அங்கே தப்பியவர்களைக் கொன்றார்கள்.

திருகோணமலைக்குத் திரும்புவோம். பையன் சொன்ன ‘தங்களுக்குள்ள அடிபட்டது’ எப்போது, எப்படித் தொடங்கிற்று? முகாமில், பசியில், இருட்டில் தொடங்கவில்லை. 2005 மே 15ஆம் நாள் இரவு, திருகோணமலை மத்திய பேருந்து நிலையத்தருகே ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. ஊரின் பாதி இன்னும் கூடாரத்தில். அந்நேரத்தில் அந்த இடத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது சிலைதான் என்று கூடாரத்தில் இருந்த எவரும் முடிவு செய்யவில்லை. கடையடைப்பு, கைக்குண்டு, ஊரடங்கு என்று தொடர்ந்தது. சிலைக்கு எதிரான மக்கள் போராட்டத்தை முன்னின்று நடத்திய வி. விக்னேஸ்வரன் 2006 ஏப்ரல் 7 அன்று பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிவாரணத்தின் கதையும் அதுவே. அரசும் புலிகளும் உதவிப்பணத்தைப் பங்கிட்டு நிர்வகிக்கும் பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 ஜூன் 24 அன்று கைச்சாத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. அரசை விட்டு வெளியேறிற்று. ஜூலை 15 அன்று நாட்டின் அதியுயர் நீதிபீடமான உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளுக்குத் தடை விதித்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இழப்பில் பெரும்பங்கைச் சுமந்த முஸ்லிம்களை அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட அழைக்கவே இல்லை, அரசும் அழைக்கவில்லை, புலிகளும் அழைக்கவில்லை. தட்டில் சோறு போட்ட கிழவிக்கு வராத கணக்கு, மேசைக்கு இரு பக்கமும் இருந்தவர்களுக்கு வந்தது.

2006 ஜனவரி 2, மாலை. காந்தி சிலையருகே கடற்கரையில் கூடியிருந்த இளைஞர்கள்மீது, ஓடும் முச்சக்கர வண்டியிலிருந்து கைக்குண்டு எறியப்பட்டது. பின்னர் சீருடையினர் சூழ்ந்தனர். ஐந்து பேர் பிணமானார்கள், எல்லாரும் இருபது வயதை ஒட்டியவர்கள். தம்மிடமிருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. பிரேத அறையில் எடுக்கப்பட்ட படங்களோ தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அந்தப் படங்களை எடுத்தவரிடம் பின்னர் வருகிறேன்.

அதே ஆண்டு ஏப்ரல் 12, புத்தாண்டுக்கு முந்திய நாட்சந்தை. மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. பழி புலிகள்மீது விழுந்தது. சிறிது நேரத்துக்குள் பொல்லும் கத்தியும் தீப்பந்தமுமாக ஒரு கூட்டம் தமிழர் கடைகளுக்குள் புகுந்தது. காவல் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆத்திரம் கொண்ட மனிதன் அவ்வளவு விரைவாக அணிதிரள்வதை எந்த நாடகத்திலும் காண முடியாது, ஒத்திகை வேண்டும்.

பிறகு மூதூர். ஜூலையில் மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள், அரசு படை நடத்தியது, ஆகஸ்ட் முதல் நாட்களில் புலிகள் மூதூருக்குள் நுழைந்தார்கள். பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள், கடலிடம் தப்பி இரண்டு ஆண்டுகூட ஆகாதவர்கள், இரு பக்கத்து எறிகணைகளுக்கும் நடுவே கந்தளாயை நோக்கி நடந்தார்கள். வழியில் புலிகள் அவர்களை மறித்து ஆண்களைப் பிரித்தெடுத்தார்கள். அவர்களிற் சிலர் திரும்பவில்லை. திருகோணமலை மாணவர் ஐவரை ஆண்டுதோறும் நினைவுகூரும் நம் மேடைகளில் இந்த நடையைப் பற்றி ஒரு சொல் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. நானும் போதிய அளவு எழுதியதில்லை.

ஆகஸ்ட் 4 அன்று, அதே மூதூரில், பட்டினிக்கு எதிராக இயங்கும் பிரெஞ்சு நிறுவனமான ‘அக்ஷன் ஃபாம்’ அலுவலக முற்றத்தில் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நிறுவனத்தின் பெயர் பொறித்த மேற்சட்டையோடு, முகம் குப்புறக் கிடந்தார்கள். சுனாமியில் கிணறு உப்பாகிப்போன ஊர்களுக்குக் குடிநீர் கொடுக்கும் வேலையில் இருந்தவர்கள்.

இந்த இடத்தில் மருமகன் என்னை மடக்கக்கூடும். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் குழுவின் 2008ஆம் ஆண்டு அறிக்கை, அந்தக் கொலைகளில் ஊர்காவற்படையைச் சேர்ந்த ஒருவரையும் பொலிஸ் கான்ஸ்டபிள்கள் இருவரையும் குற்றஞ்சாட்டியது. ஊர்காவற்படையாள் என்றால் அயலவன்தானே, அவனும் தப்பிப் பிழைத்தவன்தானே என்பான். ஆம், அயலவன்தான். ஆனால் அவன் கையில் துவக்கைக் கொடுத்தது யார்? கடற்படையின் விசேட அணியினரும் அங்கே இருந்ததாக அதே அறிக்கை சொல்கிறதே, தடுக்காதவர் யார்? விசாரணைக்கென அமைத்த ஆணைக்குழுவையும் தாண்டி வழக்கு எங்கும் போகாமல் பார்த்துக்கொண்டவர் யார்? அயலவன் கொலைகாரன் ஆவதற்கு அரசு ஒழிந்துபோக வேண்டியிருக்கவில்லை. அரசு அங்கேயே, காலணி மினுக்கி, நின்றுகொண்டிருந்தது.

நடைப்பிண நாடகங்களின் பெரும் பொய் இதுதான். அரசு மறைந்த இடத்தில் மனிதன் ஓநாயாகிறான் என்கின்றன அவை. எனவே ஓநாய்களுக்கு நடுவே ஒழுங்கைக் காக்க ஒரு நாயகன் வேண்டும். அவன் யார் என்று பாருங்கள். அமெரிக்கத் தொடரில் உதவி ஷெரிப். நம் தமிழில் 2016இல் வந்த ‘மிருதன்’ படத்தில் போக்குவரத்துப் பொலிஸ்காரர். இந்தக் கதைமரபைத் தொடங்கிவைத்த ஜார்ஜ் ரொமேரோவுக்கு இருந்த கண் அவர் பின் வந்தோர் பலருக்கு இல்லை. 1968இல் அவர் எடுத்த ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ படத்தில், இரவு முழுவதும் பிணங்களோடு போராடித் தப்பிய கறுப்பினத்தவர் விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுடுவது மீட்புக்கென ஷெரிப்போடு வந்த கூட்டம்.

நம்மிடமும் பேய்க்கதை உண்டு. பழையனூர் நீலி பழி தீர்க்க வந்தவள். ஆனால் அந்தக் கதையின் உயிர் நீலியிடம் இல்லை. அந்நிய வணிகன் ஒருவனுக்குப் பிணை நின்று, அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளித்த எழுபது பேரிடம் இருக்கிறது. உயிரோடிருப்பவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்று அந்தக் கதை நம்புகிறது. அந்த எழுபது பேரை வைத்து யாரும் 11 பருவம் எடுக்கமாட்டார்கள்.

வெறும் இரசனைப் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ‘தப்பியவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள்’ என்று சொல்லிவிட்டால் எவரையும் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. மனித இயல்புக்கு எவரும் பிடியாணை பிறப்பிப்பதில்லை. மாணவர் ஐவர் வழக்கில் 2013இல் கைதான விசேட அதிரடிப்படையினர் 12 பேரையும் பொலிஸ் அதிகாரி ஒருவரையும் போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் பலர் நாட்டைவிட்டே போயிருந்தனர். ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டியவர்கள், ‘போர்க்காலம், எல்லாப் பக்கமும் தவறு’ என்கிறார்கள். எல்லாப் பக்கமும் தவறுதான், மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, கட்டளையிட்ட ஒரு வாய் இருக்கிறது.

பையன் திரும்பிப் போகுமுன் அவனைத் திருகோணமலைக்குக் கூட்டிச் சென்றேன். மாலையில் காந்தி சிலையருகே கடலை வாங்கித் தின்றுகொண்டு நடந்தோம். பிள்ளைகள் அலையில் கால் நனைத்து ஓடினார்கள். அவ்விடத்தில் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் வந்தவன், “அந்தப் படங்களை எடுத்தவர் இப்ப எங்க மாமா?” என்று கேட்டான்.

அவர் பெயர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர்; மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ளவர். படங்கள் வெளிவந்த அதே மாதம், 2006 ஜனவரி 24 காலை, வேலைக்குப் புறப்பட்ட வழியில் நகரத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.