'எடை எவ்வளவு தம்பி?' - கபடியில் முதல் கேள்வி இதுதானா?

சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடை சமயத்தில் சுவரொட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். 'மாபெரும் கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு அடுத்த வரியே எடைப்பிரிவுதான். 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ... பரிசுத்தொகை எல்லாம் அதற்குக் கீழே. மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிக்குப் பஸ் ஏறி வரும் பையன்களில் கபடி பிடிக்காத ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்!

ஆட வருகிற பையனிடம் 'ரெய்டரா, கேட்சரா?' என்று கேட்பதற்கு முன்பே, 'எடை எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். நம்ம ஊருக்கு அளவெடுப்பது ஒன்றும் புதிதில்லை. போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய் வந்த அண்ணன் வீட்டுக்கு வீடு இருக்கிறார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெரும்பாலான பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும். மார்பு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். வேலைக்கு அப்படி ஒரு விதி இருந்துவிட்டுப் போகட்டும். விளையாட்டுக்கு?

இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஊர் ஃபுட்பால் நம்ம கால்பந்து இல்லை. நீள்உருண்டைப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் 'டிராஃப்ட்'டில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரத்தில் 'கம்பைன்' என்று ஒரு சோதனை நடக்கும். உயரம், எடை, கை நீளம், 40 கஜ ஓட்டம் என எல்லாவற்றையும் அளப்பார்கள். உள்ளங்கை அகலத்தைக்கூட விடுவதில்லை. பெண் பார்க்கப் போகும்போதுகூட நம்ம ஆட்கள் இவ்வளவு அளக்க மாட்டார்கள்!

அளந்து என்ன ஆயிற்று? டாம் பிராடி 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார். அவர் ஆடும் இடத்துக்குக்கூட அது மெதுவான ஓட்டம்தான். 2000-ம் ஆண்டு டிராஃப்டில் 199-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அவர் ஜெயித்த சூப்பர் பவுல் கோப்பைகள் 7. கைலர் முர்ரே 5 அடி 10 அங்குலத்தைக் கொஞ்சமே தாண்டியவர். அந்த இடத்துக்கு அது குள்ளம். 2019-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, கம்பைன் எண்களுக்கும் பின்னால் வந்த ஆட்டத்துக்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்றது. பந்தோடு ஓடும் 'ரன்னிங் பேக்' வீரர்களின் ஓட்ட வேகம் மட்டும் விதிவிலக்கு.

கபடிக்கு வருவோம். இங்கே அளவு சுத்தமாக முக்கியமில்லை என்று சொன்னால் அது பொய். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர். போனஸ் கோடு அதற்கும் 1 மீட்டர் தள்ளி. 30 விநாடிக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நீண்ட கையும் காலும் இருந்தால் கூடுதல் வசதிதானே! தமிழ் தலைவாஸ் கேப்டனாக இருந்த அஜய் தாக்கூரின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். ஆனால் அதே உயரம் பிடிபடும்போது பாரமாகிவிடும். கணுக்காலைப் பிடிக்கப் பாய்கிற கார்னர் வீரருக்கு நெட்டையான ரெய்டர் என்றால் கொண்டாட்டம். பர்தீப் நர்வாலைப் புகழ்பெற வைத்த 'டுப்கி'யோ, பிடிக்க வரும் சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவுவது. குனியத் தெரிய வேண்டும், அதுவும் எந்த நொடியில் குனிய வேண்டும் என்று தெரிய வேண்டும். அதை எந்த டேப்பில் அளப்பது?

நம்ம தர்மராஜ் சேரலாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் பிறந்தவர். 40 வயதைத் தாண்டியும் புரோ கபடியில் கார்னரில் நின்று இளவட்டங்களைப் பிடித்துப் போட்டார். வயதை மட்டும் பார்த்து யாராவது அவரைக் கழித்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

விலை விஷயத்திலும் இதே கதைதான். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் மேட்சிலேயே முழங்கால் காயம், அந்த சீசனே போச்சு. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அறிமுக வீரர் நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

எனக்கு உண்மையில் கவலை, பெரிய வீரர்களைப் பற்றி இல்லை. 13, 14 வயதுப் பையன்களைப் பற்றித்தான். அந்த வயதில் ஒருவன் மீசை அரும்பி ஆறடிக்கு வளர ஆரம்பித்திருப்பான். அவன் வகுப்பிலேயே இன்னொருவன் குழந்தை முகத்தோடு இருப்பான். அப்போது எடுக்கிற உயரம், எடை எல்லாம் யார் முதலில் வளர்ந்தான் என்பதைத்தான் காட்டும். சீக்கிரம் வளர்ந்தவன் டீமுக்குள் போகிறான், கோச்சிங் கிடைக்கிறது, மேட்ச் அனுபவம் கிடைக்கிறது. மற்றவன் 17 வயதில் வளர்ந்து நிற்கும்போது கபடியை விட்டே மூன்று வருஷம் ஆகியிருக்கும். வெளிநாட்டுக் கால்பந்து அகாடமிகள் சில, வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பையன்களைச் சேர்த்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. நம்ம பி.டி. சாருக்கு அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும், ஒரே வருஷத்தில் ஒரு பையனைக் கழித்துக்கட்டாமல் இருக்கலாமே.

இன்னொரு பக்கம், எடைப்பிரிவு ஆட்டம். 62 கிலோ இருக்கிறவன் 60 கிலோ டீமில் ஆட ஆசைப்படுகிறான். முதல் நாள் சோறு கிடையாது. தண்ணீர்கூடக் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம். 'ரெண்டு கிலோதானே' என்பார்கள். குறைவது கொழுப்பு இல்லை, உடம்பிலுள்ள நீர். ரத்தத்தின் அளவு குறையும், இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும், உடம்புச் சூடு இறங்காது. தசை பிடித்துக்கொள்வதெல்லாம் சின்ன விஷயம். வினேஷ் போகத்துக்கு மருத்துவர், பயிற்சியாளர் என்று ஒரு குழுவே கூட இருந்தது. ராத்திரி முழுக்கப் போராடியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியன்று காலையில் 100 கிராம் கூடுதல். கூட யாருமே இல்லாத பிளஸ் டூ பையன் என்ன செய்வான்?

1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அங்கே விதியை மாற்றினார்கள். சீசன் தொடக்கத்திலேயே, உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கிறதா என்று சோதித்து, ஒருவர் எந்த எடைக்குக் கீழே போகக் கூடாது என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். எடை பார்ப்பதையும் போட்டி நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ரப்பர் சூட் போட்டு வியர்க்க வைப்பதற்குத் தடை.

கொடைக்குப் போட்டி நடத்துகிற இளைஞர் அணி அண்ணன்கள் இதில் ஒன்றை நாளைக்கே செய்யலாம். எடை மிஷினில் ஏறுகிற பையனிடம், 'கடைசியாக எப்போது தண்ணி குடிச்சே?' என்று கேளுங்கள். உதடு காய்ந்து, தலை சுற்றி நிற்கிறவனை அடுத்த எடைப்பிரிவில் ஆடச் சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.