தோற்றால் காஜா, வென்றால் யார்?

கல்லூரி மலரில் கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில பெற்றோர் முகம் சுளிக்கக்கூடும். விளையாட்டுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. பிறருக்குத் துணையாக ஆபத்தான வேலையொன்றைச் செய்பவரை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பதே என் கேள்வி. அந்தக் கேள்வியை மிகத் தெளிவாக எழுப்பும் ஒரு பாத்திரத்தை நான் அறிவேன். அதன் பெயர் காஜா.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மொபைல் லெஜண்ட்ஸ்: பாங் பாங்' என்ற விளையாட்டை மூன்டன் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். நடுவில் மூன்று பாதைகளும் காவற் கோபுரங்களும் உண்டு. எதிரணியின் தளத்தை முதலில் தகர்ப்பவர்களே வெற்றியாளர். ஒவ்வொருவரும் ஒரு ஹீரோவைத் தெரிவு செய்து ஆட வேண்டும். அடி வாங்கி முன்னே நிற்பவர், கிட்ட நின்று பொருதுபவர், பதுங்கித் தாக்குபவர், மாயசக்தியால் தாக்குபவர், தூர நின்று சுடுபவர், துணை நிற்பவர் என ஹீரோக்கள் ஆறு வகை. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் இது பதக்கம் வழங்கப்பட்ட ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. ஆகவே இதைச் சும்மா விரல் தேய்க்கும் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. திட்டமிடலும் கணக்கும் இதில் நிறையவே உண்டு.

துணை ஹீரோ என்றவுடன் பலரின் நினைவுக்கு வருவது எஸ்டெஸ் அல்லது ரஃபேலா. எஸ்டெஸ் தோழர்களின் பின்னால் நின்று அவர்களின் காயங்களை ஆற்றுவார். ரஃபேலா காயம் ஆற்றுவதோடு தோழர்களின் ஓட்டத்தையும் வேகப்படுத்துவார். ஏஞ்சலாவோ தூரத்தில் இருக்கும் தோழரிடம்கூடப் பறந்து சென்று, அவரோடு ஒட்டிக்கொண்டு கவசம் கொடுப்பார். இவர்களை ஆடும்போது ஒரு சிறு பிழை விட்டாலும் பெரும்பாலும் அடுத்த கணத்தில் திருத்திக்கொள்ளலாம்.

காஜாவும் துணை ஹீரோதான். ஆனால் அவர் எவருக்கும் மருந்து போடுவதில்லை. அவருடைய இறுதி ஆற்றல் ஒரேயொரு எதிரியைப் பிடித்து, 1.5 செக்கன் நேரம் எதுவும் செய்ய முடியாமல் அடக்கி, தன்னோடு இழுத்து வருவது. அந்த நேரத்தில் பிடிபட்டவரால் ஓடவும் முடியாது, திருப்பித் தாக்கவும் முடியாது. இரும்புக் கயிறுகளை வீசி மின்னல் வேகத்தில் பறக்கும் ஃபானியைக்கூடக் காஜா பிடித்துவிட்டால் அவள் கதை அநேகமாக முடிந்தது. இந்த ஆற்றலோடு 'பிளிக்கர்' என்ற பாய்ச்சலையும் சேர்த்துக்கொண்டால், எதிரணியின் நடுவில் நிற்பவரையும் நம் பக்கம் இழுத்துவர முடியும்.

இதில் ஆபத்து எங்கே என்று கேட்கலாம். பிடிக்க வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் எதிரிகள் ஐவரும் அங்கே இருக்கலாம். துணையாகச் சுற்றித் திரிபவர் அணியும் ரோம் காலணிக்கு ஒரு விலை உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் தோழருக்கு அருகில் நிற்கும்போது, சிறு படையாட்களை வீழ்த்துவதால் கிடைக்கும் கோல்டில் அவர் பங்கு எடுப்பதில்லை. கோல்ட் குறைந்தால் உபகரணங்களும் தாமதமாகவே வரும். ஆக, மெல்லிய கவசத்தோடு எதிரிகளின் நடுவில் குதிப்பவர்தான் காஜா. பிளிக்கரை ஒருமுறை பாவித்தால் மறுபடி பாவிக்க 120 செக்கன் காத்திருக்க வேண்டும். குறி தப்பினால் திரும்பி வர வழியில்லை.

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரே மூன்று எண்கள் வரும். எத்தனை பேரை வீழ்த்தினார், எத்தனை தரம் வீழ்ந்தார், எத்தனை தரம் உதவினார் என்பவையே அவை. ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்த வாப்பா, "ஏழு தரம் மவுத்தாப் போயிருக்கியே மகள், இதுல எங்க வெற்றி?" என்று கேட்டார். என் பெயருக்கு நேரே 1, 7, 14 என்று இருந்தது. அந்த ஆட்டத்தில் வென்றது எங்கள் அணி. வாப்பா விளையாடத் தெரியாதவர், நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் வருடக்கணக்காக ஆடுபவர்களும் இதே கண்ணோடு பார்ப்பதுதான் எனக்கு வியப்பு. தோற்றால் உடனே "காஜா எடுத்ததாலதான் தோற்றோம்" என்பார்கள். வென்றால் சுட்டவருக்குப் பாராட்டு. காஜாவின் பேச்சே வராது.

நம் கல்லூரி மைதானத்திலும் இதைக் காணலாம். வலைப்பந்தாட்டத்தில் இருவர் மட்டுமே வளையத்துக்குள் பந்தை எறிய அனுமதி உண்டு. பந்தைப் பறித்து, இடைவெளி கண்டு, அவர்களின் கைக்குச் சேர்ப்பவர்கள் மற்றவர்கள். புள்ளித்தாளை மட்டும் வாசிப்பவர் அந்த ஐவரும் சும்மா நின்றார்கள் என்றே நினைப்பார். காஜாவின் நிலையும் அதுதான். அவர் வேலை எண்ணுக்குள் வராத வேலை.

அப்படியானால் காஜாவை எதை வைத்து அளப்பது? என் கருத்தில் மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது கேள்வி, யாருக்குப் பதிலாக யார் விழுந்தார்? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காஜா பத்துத் தரம் பாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு தரம் காஜாவும் விழுகிறார், எதிரணியின் முதன்மைச் சுடுநரும் விழுகிறார். இரண்டு தரம் சுடுநர் மட்டும். இரண்டு தரம் காஜா மட்டும். கடைசியில் காஜாவின் பெயருக்கு நேரே எட்டு மரணங்கள் இருக்கும். பார்ப்பவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் எதிரணியின் சுடுநரும் எட்டுத் தரம் விழுந்திருக்கிறார். இருவரும் விழுந்த ஒவ்வொரு தரமும் களத்தில் நாலுக்கு நாலு பேர் நின்றார்கள். நம் பக்கத்தில் சுடுநர் இருக்கிறார், அவர்கள் பக்கத்தில் இல்லை. கோல்ட் குறைந்த ஒருவரைக் கொடுத்து, கோல்ட் நிறைந்த ஒருவரை வாங்கியிருக்கிறோம். வியாபாரம் தெரிந்த எவரும் இதை நட்டம் என்று சொல்லமாட்டார். அதே காஜா எட்டுத் தரமும் முன்னே நின்று அடிவாங்கும் தடித்த கவசக்காரரைப் பிடித்திருந்தால்? அது வீண் வேலை. மரண எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், பெறுமதி ஒன்றல்ல.

இரண்டாவது கேள்வி, அந்த 1.5 செக்கனில் பக்கத்தில் யார் இருந்தார்? காஜா தனியாக எவரையும் முடிப்பது அரிது. அவர் கட்டிப்போடுவார், அடிக்க வேண்டியவர் வேறொருவர். பிடிக்கும் நேரத்தில் நம் தாக்குதல்காரர் வேறு பாதையில் படையாட்களை வெட்டிக்கொண்டிருந்தால், பிடிபட்டவர் எழுந்து காஜாவையே முடித்துவிடுவார். இதைக் காஜாவின் தோல்வி என்று எழுதுவது சரியா? அதேவேளை, தோழர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சிறுபடத்தைப் பாராமல் பாயும் காஜா பழியிலிருந்து தப்ப முடியாது. பாய்பவருக்குப் பார்க்கும் கடமை, மற்றவர்களுக்குப் பின்தொடரும் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்துக்குப் பலன் கிடைக்கும்.

மூன்றாவது கேள்வி, எந்த நிமிடத்தில்? ஆட்டத்தின் தொடக்கத்தில் விழுந்தால் சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்து வரலாம். நேரம் போகப் போக, எழும்பக் காத்திருக்கும் நேரமும் நீளும். ஐந்தாம் நிமிடத்தில் செய்த அதே பாய்ச்சல் பதினெட்டாம் நிமிடத்தில் ஆட்டத்தையே பறிகொடுக்கலாம். ஆகவே தொடக்கத்தில் துணிந்து பாய்வதும், பிற்பகுதியில் பற்றைக்குள் பொறுமையாகக் காத்திருந்து ஒரேயொரு சரியான தருணத்தில் பாய்வதும்தான் நல்ல காஜாவின் அடையாளம். எப்போதும் ஒரே மாதிரிப் பாய்பவரைத் துணிச்சல்காரர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர் என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு சொல்வதால் எல்லா ஆட்டத்திலும் காஜாவை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதிரணியில் ஐவரின் பலமும் சமமாகப் பிரிந்திருந்தால், ஒருவரைப் பிடிப்பதால் பெரிய மாற்றம் வராது. நம் அணியில் முன்னே நிற்க வேறு எவரும் இல்லையென்றால், காஜா விழுந்த பிறகு மற்ற நால்வருக்கும் மறைப்பு இல்லை. இந்த இரண்டு நிலையிலும் எஸ்டெஸ் போன்ற ஒருவரே மேல். உயர்நிலை ரேங்க் ஆட்டங்களில் இரு அணிகளும் மாறி மாறித் தெரிவு செய்வார்கள். அங்கே எதிரணியின் பலம் யாரில் தங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு காஜாவை எடுப்பதே புத்தி.

"அறிமுகமில்லாதவர்களோடு ஆடும்போது யாரை நம்பிப் பாய்வது?" என்று என் தோழி கேட்பாள். நியாயமான கேள்வி. முகம் தெரியாத நால்வர் நம்மைப் பின்தொடர்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று சண்டைகளிலேயே யார் உதவிக்கு வருகிறார், யார் வருவதில்லை என்று தெரிந்துவிடும். வருபவரின் பக்கத்தில் நின்று ஆட வேண்டும். எவருமே வராவிட்டால், பாய்வதை நிறுத்தி நம் சுடுநரை நெருங்க வருபவனைப் பிடித்து அவரைக் காப்பாற்றலாம். அதுவும் காஜாவால் முடியும். ஆபத்தை எவ்வளவு எடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இனி, என்னை இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். குடும்பத்தில் எல்லோரும் கூடும் நாட்களில் நானாமாருடன் சேர்ந்து ஆடும்போது, தெரிவு செய்யும் முன்பே ஒரு குரல் வரும். "தங்கச்சி, நீ ஏஞ்சலா எடு. பின்னால நின்றால் போதும்." ஏஞ்சலா நல்ல ஹீரோதான். அவரை நன்றாக ஆடுவதும் இலேசல்ல. ஆனால் பெண்பிள்ளை என்றால் துணை, துணை என்றால் பின்னால் நிற்பது, பின்னால் நிற்பது என்றால் முடிவெடுக்கத் தேவையில்லை என்று மூன்று முடிச்சு ஒன்றாகப் போடப்படுகிறதே, அதைத்தான் நான் ஏற்கவில்லை. துணை நிற்பது தாழ்வல்ல. ஆனால் துணை நிற்பவருக்கு மூளையும் துணிவும் வேண்டாம் என்பது பிழை. சண்டை எப்போது தொடங்க வேண்டும், யாரோடு தொடங்க வேண்டும் என்று முடிவெடுப்பவரே பல ஆட்டங்களில் துணை ஹீரோதான். 2024இல் ரியாத் நகரில் நடந்த எஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணத்தில் இந்த விளையாட்டுக்குப் பெண்களுக்கென்றே தனிப்போட்டி நடந்தது. அங்கே பாய்ந்தவர்களும் சுட்டவர்களும் பின்னால் நின்று காத்தவர்களும் எல்லோரும் பெண்களே.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஓர் ஆட்டம் பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஆனால் நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பாதியில் போனைப் பறித்தால் உங்கள் பிள்ளை மட்டுமல்ல, அவளை நம்பி நிற்கும் நால்வரும் தோற்பார்கள். ஆகவே ஆடத் தொடங்கும் முன்பே "இன்றைக்கு எத்தனை ஆட்டம்?" என்று கேட்டு முடிவு செய்யுங்கள். உயர்தரப் பரீட்சையை எதிர்நோக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு கட்டாயம் தேவை. சொன்ன எண்ணோடு நிறுத்துவதும் எங்கள் பொறுப்பு.

அன்புத் தோழியரே, வீட்டிலும் வகுப்பிலும் விழாக் குழுக்களிலும் ஆபத்தான வேலையை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் எப்போதும் இருப்பார். அதிபரிடம் போய் முதலில் பேசுபவர், மேடை சரிந்தால் ஏச்சு வாங்கப்போகிறவர், எல்லோருக்கும் முன்னே கைதூக்குபவர். காரியம் பிசகினால் அவருடைய பெயர் முதலில் வரும், சரியாக நடந்தால் பெரும்பாலும் வராது. அவரை மதிப்பிட முன்னர் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எதைக் கொடுத்து எதைப் பெற்றார்? அப்போது நாங்கள் எங்கே இருந்தோம்? தருணம் சரியானதா? இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகும் குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். குறை இல்லையென்றால், ஆட்டம் முடிந்ததும் சுட்டவருக்குச் சொல்லும் அதே "நல்லா ஆடினாய்" என்ற வார்த்தையைப் பாய்ந்தவருக்கும் சொல்லுங்கள்.