அந்த நாளா, பொம்மையா? ஒரு தறி வீட்டுப் பட்டிமன்றம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். தறியில் தாத்தா. எதிரே செல்போனும் கையுமாக பி.காம். படிக்கும் பேரன். விவாதம் என்ன தெரியுமா? வீணை எஸ். பாலசந்தர் எடுத்த படங்களில் எது டாப்?

"அந்த நாள்தான்டா. முழுப் படத்துல ஒரு பாட்டு கிடையாது!" இது தாத்தா.

"பாட்டு இல்லேன்னா நல்ல படம் ஆயிடுமா தாத்தா? பொம்மை பாருங்க. நகத்தைக் கடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க." இது பேரன்.

தீர்ப்புக்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம். (கே. பாலசந்தர் இல்லைங்க, அவர் வேறு!) 1927ல் பிறந்தவர். 1934ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் குட்டிப் பையனாக நடித்தார். குரு என்று யாரும் இல்லாமல் தானாகவே வீணை கற்றுக்கொண்டு, 1982ல் பத்மபூஷண் வரை போனவர். நடுவில்தான் சினிமா. படங்கள் அதிகமில்லை. சஸ்பென்ஸ் என்று பேச ஆரம்பித்தால் நான்கு பெயர்கள் வரும்: அந்த நாள் (1954), அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970).

முதலில் சஸ்பென்ஸ் என்றால் என்ன? இதற்கு ஹிட்ச்காக் சொன்ன விளக்கம் ரொம்பப் பிரபலம். நான்கு பேர் மேஜையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. இது வெறும் அதிர்ச்சி. அதே மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இப்போது அவர்கள் என்ன வெட்டிப் பேச்சு பேசினாலும் நமக்கு வயிற்றைக் கலக்கும். இதுதான் சஸ்பென்ஸ்.

இந்த அளவுகோலை வைத்தால் பேரன் கட்சிதான் ஜெயிக்கும். ஒரு பணக்காரரைத் தீர்த்துக்கட்ட பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மை போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. 'பொம்மை' கதையே இவ்வளவுதான். யார் வைத்தது என்ற மர்மம் இல்லை. வெடிக்குமா, யார் கையில் இருக்கும்போது வெடிக்கும் என்ற பதைப்பு மட்டும்தான். ஹிட்ச்காக்கே 'சபோடாஜ்' (1936) படத்தில் ஒரு சின்னப் பையன் கையில் குண்டைக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடைசியில் வெடிக்கவும் வைத்தார். அது தப்பு, பார்ப்பவர்கள் மன்னிக்கவில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட ஒரு சூழ்நிலையைப் படம் முழுக்க இழுத்துக்கொண்டு போனதற்கே பாலசந்தருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

'நடு இரவில்' வேறு ஜாதி. ஒரே வீடு, கூடியிருக்கும் சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராகச் சாவு. அகதா கிறிஸ்டி 1939ல் எழுதிய நாவலின் சாயல் அது. இந்தியில் 'கும்நாம்' (1965) வந்ததும் அதே நாவலின் சாயலில்தான். முதல் முறை பார்க்கப் பிரமாதம். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு மறுபடி பார்க்கும்போது பாதி காற்று இறங்கிவிடுகிறது.

சரி, தாத்தா கட்சி? "பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை" என்பதுதான் 'அந்த நாள்' பற்றி எல்லோரும் சொல்வது. 1954ல், அதுவும் ஏவி.எம். மாதிரி ஒரு கம்பெனி, சிவாஜியை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தது பெரிய துணிச்சல். சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சாப்பாட்டை "இதில் உப்பு அதிகமில்லை, காரம் அதிகமில்லை" என்றே பாராட்டிக்கொண்டிருந்தால், என்னதான் இருந்தது என்று கேட்கத் தோன்றாதா?

என்ன இருந்தது என்று பார்ப்போம். (இதுவரை படம் பார்க்காத புண்ணியவான்கள் இரண்டு பத்தி தாண்டிக் குதித்துவிடுங்கள்!)

1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்டது நிஜச் சம்பவம். அந்த நாட்களில் நடக்கிற கதை. படம் தொடங்கும்போதே ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) சுடப்பட்டுச் செத்துப்போகிறான். துப்பறிய வருபவர் ஜாவர் சீதாராமன், படத்தை எழுதியவரும் அவரே. உடன்பிறந்தவன், அவன் மனைவி, ரகசியச் சிநேகிதி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி உஷா (பண்டரிபாய்) என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) பாதிப்பு என்பார்கள். ஆனால் 'ராஷோமான்' கடைசிவரை உண்மையை நம் கையில் கொடுக்காது. 'அந்த நாள்' கொடுக்கிறது. துப்பாக்கி இருந்தது உஷாவின் கையில். ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் விற்றவன்.

ஏன் விற்றான்? இங்கேதான் படம் நிற்கிறது. அவன் பிறவி அயோக்கியன் இல்லை. சாதாரண ஜனங்களும் வாங்கும்படி விலை குறைந்த ரேடியோ செய்யவேண்டும் என்று திட்டம் போட்ட கெட்டிக்காரன். உதவி கேட்டான், கிடைக்கவில்லை. அந்தக் கசப்பு அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் படம். அதற்காக அவன் செய்தது சரி என்று படம் சொல்லவும் இல்லை. அவனை நேசித்தவளே எதிரே துப்பாக்கியோடு நிற்கிறாள். "யார் சுட்டது?" என்று தொடங்கிய கேள்வி, முடியும்போது "இவன் ஏன் இப்படி ஆனான்?" என்று மாறிவிடுகிறது. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் கதை முடிந்தது. இரண்டாவது கேள்வி வீட்டுக்குக் கூடவே வரும்.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) கூட அப்படித்தான். முக்கியமான ரகசியத்தைப் படம் முடிவதற்கு ரொம்ப முன்னாலேயே உடைத்துவிடுவார். வந்த புதிதில் பெரிதாக ஓடவில்லை. 2012ல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படமாக வந்தது. 'அந்த நாள்' படமும் முதல் சுற்றில் வசூலில் அடிவாங்கியதுதான். ஒரே முறை பார்த்துவிட்டுப் போகிறவர்களின் கணக்கு வேறு, திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களின் கணக்கு வேறு.

ஆகவே தீர்ப்பு: நகம் கடிக்க வைப்பதில் 'பொம்மை' முதலிடம். ஆனால் கேள்வி சிறந்த படம் எது என்பது. அதற்குப் பதில் 'அந்த நாள்'. பாட்டு இல்லை என்பதற்காக இல்லை, ராஜன் இருக்கிறான் என்பதற்காக.

பேரன் இதற்கும் மடங்கவில்லை. "முடிவு தெரிஞ்ச படத்தை எத்தனை தடவை பார்ப்பீங்க தாத்தா?"

"அட்டையில டிசைன் முன்னாடியே குத்தியிருக்கு. என்ன பூ வரப்போகுதுன்னு தெரிஞ்சுதான் நெய்யறோம். அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு நெய்ய முடியுமா?"

அப்புறம் கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும்தான். பிறகு அவரே பேசினார்.

"உன் சித்தப்பன் கம்ப்யூட்டர்ல புது டிசைன் போட்டு எடுத்துக்கிட்டுப் போனான் இல்ல? பழசே போதும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போறான். ராஜன் மாதிரி யாருக்கும் துரோகம் பண்ணலை, நல்லபடியா சம்பாதிக்கிறான், சந்தோஷம். ஆனா அந்தப் படத்துல அவன் ரேடியோவைப் பத்திப் பேசற இடம் வந்தா எனக்கு உன் சித்தப்பன் முகம்தான் தெரியுது."

பேரன் பதில் சொல்லவில்லை. யூடியூபில் 'அந்த நாள்' தேடிப் போட்டு, தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்தான்.