வெளுத்ததெல்லாம் சுத்தமா?



"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று சொல்வார்கள். ஆடு இறந்தால் என்ன? புதைத்துவிட்டு மறந்துவிடுவோம். நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு பேச்சும்.

எங்கள் வீட்டு வெள்ளாட்டுக்குப் பெயர் கருவாச்சி. போன வருடம் நாலுவழிச் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அப்பா அதைப் புஞ்சை ஓரத்தில் புதைத்தார். ஆறு மாதம் கழித்து அதன் மண்டையோட்டை எடுத்துச் சுத்தம் செய்து, நம் அறிவியல் கண்காட்சியில் வைத்தேன். பார்த்தவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, "என்னடி மஞ்சளா இருக்கு, இன்னும் நல்லா வெளுக்க வச்சிருக்கலாம்ல?" இன்னொன்று மறுநாள் சத்துணவு சாப்பிடும்போது. "எலும்பத் தொட்ட கை, அங்கிட்டுத் தள்ளி உக்காரு." இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வெளுப்பைப் பற்றி. உண்மையைச் சொல்கிறேன், நானும் வெளுப்புக்கு ஆசைப்பட்டவள்தான். கருவாச்சிக்கு முன்னால் கண்மாய்க்குள் கிடந்த ஓர் ஆட்டு மண்டையோட்டை எடுத்துவந்தேன். பழைய சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்து அதில் ஊறப் போட்டேன். இரண்டே நாளில் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரத்தில் மூக்கு எலும்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது.

ஏன் அப்படி ஆனது? எலும்பு என்பது வெறும் சுண்ணாம்புச் சத்து மட்டும் இல்லை. கொலாஜன் என்ற புரதமும் அதில் இருக்கிறது. வீடு கட்டும்போது கம்பியும் காங்கிரீட்டும் மாதிரி இரண்டும் சேர்ந்தால்தான் பலம். பிளீச்சிங் பவுடர் அந்தப் புரதத்தையே அரித்துவிடும். கொதிக்க வைத்தால் கொழுப்பு வெளியே வருவதற்குப் பதில் எலும்புக்குள்ளேயே ஊறிவிடும். வெளுத்தது, ஆனால் கெட்டது.

இதைக் கேட்ட கால்நடை மருத்துவர் என்னைத் திட்டினார். எப்படிச் செத்தது என்று தெரியாத விலங்கின் எலும்பைத் தொடவே கூடாதாம். அடைப்பான் நோயில் செத்திருந்தால் அதன் கிருமி மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்குமாம். தம்பி தங்கைகளே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மயில், மான் எலும்பையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கருவாச்சி விபத்தில் செத்தது என்பதால் பயமில்லை. இந்த முறை அவசரப்படவில்லை. கையுறை போட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் மூன்று வாரம் ஊற வைத்தேன். நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினேன். மேலே எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை மாற்ற வேண்டும். ஊறும்போது கொம்பு தொப்பி மாதிரி தனியே கழன்று வந்தது. உள்ளே ஓர் எலும்புக் கொம்பு! நாம் வெளியே பார்க்கிற கொம்பு நம் நகம் மாதிரி கெரட்டினால் ஆனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியில்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் புண் கழுவக் கொடுக்கிற அதே மருந்து. தண்ணீரைவிட ஓர் ஆக்சிஜன் அணு அதிகம், அவ்வளவுதான். அந்த ஆக்சிஜன் பிரியும்போதுதான் நுரை வருகிறது, நிறமும் போகிறது. எனக்குக் கிடைத்தது 6 சதவீதக் கரைசல். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் ஒரு நாள் ஊற வைத்தேன். மூடி போட்டு இறுக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடித்துவிடும். வேறு எந்த மருந்தையும் அதில் கலக்கக் கூடாது. கொம்புறையையும் அதில் போடக் கூடாது. பிறகு நிழலில் காய வைத்தேன்.

வந்த நிறம் அவித்த பனங்கிழங்கு நிறம். அதுதான் எலும்பின் சொந்த நிறம். இன்னும் நாலு நாள் ஊற வைத்திருந்தால் வெள்ளையாகியிருக்கும், பலமும் போயிருக்கும். கொழுப்பை எடுக்காமல் பெராக்சைடு மட்டும் ஊற்றினாலோ, வெளுத்த கொஞ்ச நாளில் மஞ்சள் திட்டுகள் திரும்ப வரும். வெளுத்ததெல்லாம் பால் இல்லை. வெளுத்ததெல்லாம் சுத்தமும் இல்லை. சுத்தம் என்பது அந்த மூன்று வாரச் சோப்புத் தண்ணீர்தான். நம் முகத்துக்கும் இதையே சொல்லலாம், ஆனால் அது வேறு கட்டுரை.

இப்போது இரண்டாவது பேச்சு. தள்ளி உட்காரச் சொன்ன தோழியே, ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பை உறிஞ்சும்போது உன் கை எங்கே போகிறது? எங்கள் தாத்தா சொல்வார், அந்தக் காலத்தில் மாடு செத்தால் தூக்கிப் போட சிலரைத்தான் கூப்பிடுவார்களாம். வேலையையும் வாங்கிக்கொண்டு அவர்களையே தள்ளியும் வைப்பார்களாம். ஊரைச் சுத்தம் செய்தவர்கள் அசுத்தமானவர்களாம்! அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். அன்றைக்கு நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன். இனிமேல் உட்கார மாட்டேன்.

எலும்பைத் தொடுவது தீட்டு என்று எல்லோரும் ஒதுங்கியிருந்தால் நமக்குக் கீழடி கிடைத்திருக்குமா? அங்கே கிடைத்த விலங்கு எலும்புகளைப் புனேயில் உள்ள டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். காளை, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் என்று தெரியவந்தது. பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மனித மண்டையோடுகளை வைத்து, 2025-இல் அந்த மனிதர்களின் முகத்தையே கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். அந்த எலும்புகள் வெள்ளையாக இருந்ததாலா இதெல்லாம் தெரிந்தது? யாரோ கை கூசாமல், பொறுமையாக மண்ணைத் துடைத்து எடுத்ததால் தெரிந்தது.

கடைசியாகத் தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவாச்சியின் மண்டையோடு இப்போது எங்கள் ஆட்டுக் கொட்டகையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதை நம் அறிவியல் அறைக்குத் தர விரும்புகிறேன். வெள்ளாட்டுக்கு மேல் தாடையில் முன்பல்லே கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாமெல்லாம் ஆடு மேய்க்கிற பிள்ளைகள்தான், ஆனால் பார்த்ததில்லை. இனிமேல் வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். தொட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி